ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்துகள் உங்களைப் பற்றியவை

போன ஆடி மாதம் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு ஓர் அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். கட்டியிருந்த சேலை வியர்வையில் நனைந்திருந்தது. பெயரைக் கேட்டால் நாக்கு குழறியது. விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை 41, மிகவும் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிக் கால் மணி நேரம் கழித்துத்தான் கண்ணை நன்றாகத் திறந்து, "சிஸ்டர், நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்டார்.

மகன் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இன்சுலின் பாட்டில் ஒன்று. ஊசிகள் இரண்டு வகை. ஒன்றின் மூடி சிவப்பு, மற்றொன்றின் மூடி ஆரஞ்சு. விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து இருக்கும். அதற்கான ஊசியில் யூ-40 என்று அச்சிட்டிருக்கும், மூடி சிவப்பு. ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு யூ-100 ஊசி, மூடி ஆரஞ்சு. இந்த அம்மாவின் பாட்டில் 40. சிவப்பு மூடி ஊசி தீர்ந்துபோனபோது கடையில் இருந்ததை வாங்கி வந்திருக்கிறார்கள், அது ஆரஞ்சு மூடி. அந்த ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை முந்நூறைத் தொட்டது. மருத்துவருக்கு ஊசி மாறியது தெரியாது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 30 வரை கொண்டுபோனார். உடம்பில் இறங்கியது அப்போதும் 12 யூனிட்தான். முந்தின நாள் இரவு, அலமாரியில் எங்கோ ஒதுங்கிக் கிடந்த பழைய சிவப்பு மூடி ஊசி ஒன்று கையில் கிடைத்தது. அதில் 30 இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை முப்பதும் முழுதாகப் போனது.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமானவர்கள் இல்லை. மகன் நோட்டுப் போட்டுத் தினமும் சர்க்கரை அளவை எழுதி வைத்திருந்தார். பாட்டிலில் இருக்கும் எண்ணும் ஊசியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும்படி அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதன் தலைகீழ்த் தவறு இன்னும் ஆபத்தானது. இன்சுலின் பேனாவில் போடும், ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்தை, பேனா கெட்டுப்போய்விட்டது என்று சிவப்பு மூடி ஊசியால் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். எந்த நெருக்கடியிலும் அதைச் செய்யாதீர்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சர்க்கரை நோய்ப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என் மேசைக்கு வருவார்கள். ரிப்போர்ட்டை நீட்டி "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்பவர்கள் பத்துப் பேரில் இரண்டு பேர்தான். மற்றவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம். தயவுசெய்து கேளுங்கள்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் முகம் மலர வந்தார். "பக்கத்து வீட்டுக்காரருக்கு 180. எனக்கு எட்டு பாயின்ட் நாலுதான் சிஸ்டர்!" அவர் கையில் இருந்தது எச்பிஏ1சி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அன்றைக்கு எடுத்த ரத்தச் சர்க்கரை. இரண்டும் வேறு வேறு அளவைகள். 8.4 என்றால் இரண்டு மூன்று மாதங்களாக அவருடைய சர்க்கரை சராசரியாக 194 அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். மலர்ந்த முகத்தை வாட வைக்க மனம் வரவில்லைதான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எச்பிஏ1சியை நான் பொரியுருண்டையை வைத்து விளக்குவேன். பாகில் பொரியைப் போட்டால் பொரியின் மேல் பாகு ஒட்டும். பாகு கெட்டியாக இருந்தால் நிறைய ஒட்டும். ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் பொரி. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்தப் பரிசோதனை சதவீதமாகச் சொல்கிறது. பரிசோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே இயல்பு, 6.5 முதல் சர்க்கரை நோய், இடையில் இருப்பதுதான் நம் மக்கள் 'பார்டர்' என்று சொல்லும் முன்நீரிழிவு நிலை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் பலருக்கு 7ஐ ஒட்டி வைத்திருப்பது இலக்கு. வயதானவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை இறங்கிவிடுகிறவர்களுக்கும் மருத்துவர் அதைத் தளர்த்துவார்.

ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ டயாலிசிஸ் செய்துகொண்டாலோ குறைத்துக் காட்டலாம். இவற்றில் எதுவும் உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எஃப்பிஎஸ், பிபிபிஎஸ், ஆர்பிஎஸ் மூன்றும் அநேகமாக எல்லோருக்கும் பழக்கம். வெறும் வயிற்றில் எடுப்பது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது, நேரம் பார்க்காமல் எடுப்பது. தவறு நடப்பது நடுவில் உள்ளதில்தான். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்து கணக்கிட வேண்டும். கை கழுவியதிலிருந்து அல்ல. அன்றைக்கு மட்டும் இரண்டே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். தினமும் ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் அன்றும் ஐந்தே சாப்பிட வேண்டும், வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொள்ள வேண்டும், மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய. உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு இந்த மருந்து போதுமா என்பதுதான் அங்கே கேள்வி.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் "எனக்கு வெறும் வயிற்றில் ஏழு" என்பார்கள். கேட்கிறவர் திகைத்துப்போவார். அங்கே அளக்கும் அலகு வேறு, மில்லிமோல். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு வரும். ஏழு என்பது 126. புதிய குளுக்கோமீட்டர் யாராவது அங்கிருந்து வாங்கி வந்து கொடுத்தால், திரையின் ஓரத்தில் எந்த அலகு தெரிகிறது என்று முதலில் பாருங்கள்.

டைப் 2 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். இந்த 1, 2 கட்டங்கள் அல்ல, வகைகள். கணையம் இன்சுலின் சுரப்பதையே அநேகமாக நிறுத்திவிட்டால் டைப் 1. சுரக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமலும் போகப்போகப் போதாமலும் இருந்தால் டைப் 2. டைப் 2 உள்ளவருக்கு இன்சுலின் ஊசி தொடங்கினாலும் அவர் டைப் 1 ஆகிவிடுவதில்லை. கர்ப்ப காலத்தில் வருவதற்கு ஜிடிஎம் என்று பெயர். பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள் தங்களுக்கான இந்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளையும் படியுங்கள். 'எம்' என்றால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்து சேர்ந்திருக்கிறது. 'எம்1', 'எம்2' என்றால் பல கம்பெனிகளில் அதனுடன் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்து ஒரு மில்லிகிராமோ இரண்டு மில்லிகிராமோ இருக்கிறது. தனி மெட்ஃபார்மின் அட்டை ஒன்றும் இந்த 'எம்' அட்டை ஒன்றும் வேறு வேறு மருத்துவர்களிடமிருந்து வந்து, ஒரே மருந்தை இரட்டை அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்' என்றால் மருந்து மெதுவாகக் கரைந்து இறங்கும்படி செய்த மாத்திரை. பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. அதன் கூடு சில சமயம் மலத்தில் முழுதாகத் தெரியும். "மாத்திரை கரையவே இல்லை" என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள்; மருந்து இறங்கிய பிறகு மிஞ்சிய வெறும் ஓடு அது.

சிறுநீர் ரிப்போர்ட்டில் சர்க்கரைக்கு எதிரே மூன்று கூட்டல் குறி. அதைக் கண்டதும் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார் ஓர் ஆசிரியை. அந்த மருந்தின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான். எம்பாகிளிஃப்ளோசினும் அப்படித்தான். இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கூட்டல் குறி வராமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதே தாளில் 'மைக்ரோஅல்புமின்' என்று இருந்தால் அதை அசட்டை செய்யாதீர்கள். மைக்ரோ என்றால் சிறியது, ஆகவே சிறிய விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏசிஆர், அதாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், 30க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடத் தொடங்கிவிட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் இன்னும் இயல்பாக இருக்கும்போதே வரும் அறிகுறி அது. மருந்தால் தடுத்து நிறுத்த நல்ல வாய்ப்புள்ள காலமும் அதுதான்.

சென்ற மாதம் ஒரு விவசாயி வந்திருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தவர், நான்காக மடித்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலுக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது கொடுத்தது. மடிப்பில் தாள் கிழிந்திருந்தது. முதல் வரியில் கே/சி/ஓ டி2டிஎம், எஸ்எச்டி. ஏற்கெனவே டைப் 2 சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர் என்பதைத்தான் இப்படிச் சுருக்கி எழுதுவார்கள். மூன்றாவது வரியில் நான்கே எழுத்துகள்: என்பிடிஆர். விழித்திரையில் சர்க்கரையால் பாதிப்பு தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. "அப்போது கண்ணில் ஏதோ சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள் தாயி, ஒன்றும் சொல்லவில்லை" என்றார். இப்போது வலது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்றுதான் வந்திருக்கிறார்.

அன்றே மதுரைக்குக் கண் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்திருக்கிறார்கள். போன புதன்கிழமை புது ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார். என் எதிரே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆனாலும் எழுதினேன்.