விமானம் போன பிறகும் சுழலும் காற்று

சின்னியம்பாளையத்தில் ஒரு தோட்டத்து ஓரமாகத் தென்னை மட்டை எரிந்துகொண்டிருந்த மாலை அது. மரக்கிளைகூட அசையவில்லை. கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கப்போன விமானம் தலைக்கு மேல் கடந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆன பின், அதுவரை நேராக எழுந்த புகை சட்டென்று பக்கவாட்டில் இழுபட்டுச் சுருண்டது.

இறக்கையின் அடிப்புறம் அழுத்தம் மிகுந்தும் மேற்புறம் குறைந்தும் இருப்பதால், காற்று இறக்கை நுனிகளைச் சுற்றி மேலேறி, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுருள்களாகத் திரள்கிறது. கனத்த விமானம் மெதுவாகப் பறக்கும்போது இவை மிகவும் வலுப்பெறும். ஒன்றையொன்று கீழே தள்ளியபடி நொடிக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில் இறங்கும் இச்சுருள்கள் பின்னால் வரும் சிறு விமானத்தைப் புரட்டிவிடக் கூடியவை. கனரக விமானத்துக்குப் பின் வரும் நடுத்தர விமானம் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, இடைவெளி விட வேண்டும் என்ற விதி இதனால் வந்ததுதான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுருளை அளப்பது லைடார் கருவி. அது அனுப்பும் அகச்சிவப்பு லேசர் துடிப்பு காற்றிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பும். தூசி நகரும் வேகத்துக்கேற்ப ஒளியின் அலைவெண் மாறியிருக்கும். 2 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள லேசரில், நொடிக்கு 1 மீட்டர் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் மாற்றத்தைத் தரும். ஒளியின் சொந்த அலைவெண்ணோ அதைப் போல் 15 கோடி மடங்கு. இத்தனை சிறிய மாற்றத்தைப் பிடிக்க, சுருதி மயிரிழை விலகிய இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கையில் எழும் அதிர்வைக் காது உணர்வதுபோல, திரும்பிய ஒளியை மூல லேசரோடு கலந்து அவற்றின் வேறுபாட்டை மட்டும் கருவி எடுத்துக்கொள்கிறது. கற்றையைப் பறப்புப் பாதைக்குக் குறுக்கே மேலும் கீழுமாக அசைத்தால், காற்று கருவியை நோக்கி வரும் பகுதியும் விலகிப் போகும் பகுதியும் அடுத்தடுத்துத் தென்படும். இரண்டுக்கும் நடுவே சுருளின் மையம் இருக்கும்.

சுருளை மட்டும் அளந்தால் போதாது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. அது எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்றின் இயல்பான கொந்தளிப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. அதையும் லைடாரே அளக்கிறது: இரண்டு புள்ளிகளுக்கிடையிலான வேக வேறுபாட்டின் வர்க்கத்தின் சராசரி, 1941இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மோகொரோவ் கண்ட விதிப்படி, தூரம் 8 மடங்கானால் 4 மடங்காகும்; அந்த வளர்ச்சியின் அளவிலிருந்து கொந்தளிப்பின் ஆற்றல் எவ்வளவு வேகமாக வெப்பமாகக் கரைகிறது என்பது கிடைக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சுழற்றும் காற்றில் சுருள்கள் விரைவில் நெளிந்து, ஒன்றோடொன்று முட்டிச் சிதைந்துவிடும். புகை நேராக எழும் மாலையில்தான் அவை நெடுநேரம் உயிரோடிருக்கும்.