கதவுக்குள் நுழைவதன் கணக்கு

டாக்டிக்கல் ஷூட்டர் கேம்களுக்கு, அதாவது டீமாகத் திட்டமிட்டுச் சுட்டு விளையாடும் கேம்களுக்கு, புதிதாக வருபவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போய், கதவு விளிம்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். சுவர் பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில்தான் அடி வாங்குவார்கள். காரணம் வெறும் வடிவியல்.

கேமில் உங்கள் கண், அதாவது கேமரா, தலையின் நடுவில் இருக்கிறது. தோள் அதைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் கண்ணுக்கு முந்தித் தோள்தான் வெளியே வரும். உள்ளே இருப்பவருக்கும் தோள் உண்டுதான். ஆனால் அவர் விளிம்பிலிருந்து தள்ளி நிற்பதால் அந்த அகலம் கோணக் கணக்கில் சிறுத்துவிடுகிறது. விளிம்பை ஒட்டி நிற்பவரின் தோளைத் தள்ளி நிற்பவர் முதலில் பார்த்துவிடுவார். ஸ்கிரீனில் யாருமே தெரியாத நிலையில் சுடப்பட்டு விழுந்தேன் என்று புலம்புபவர்களில் பலர் இந்தக் கணக்கில் சிக்கியவர்கள்தான்.

சரி, பின்னால் தள்ளி நின்றால்? விளிம்பிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் நின்று அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், பார்வைக்கோடு சுமார் 27 டிகிரி திரும்பும். 3 மீட்டர் தள்ளி நின்று அதே அரை மீட்டர் நகர்ந்தால் 10 டிகிரிகூட இல்லை. அறை உங்கள் முன் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு கீற்றை மட்டும் பார்த்தால் போதும். ஸ்லைசிங் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு ஸ்லைஸ் செய்தாலும் வெளியிலிருந்து பார்க்கவே முடியாத இடம் மிஞ்சும். சுவரின் நடுவில் கதவு இருந்தால், அதே சுவரின் இரு முனைகளிலும் உள்ள மூலைகள் அப்படிப்பட்டவை. இவற்றை ஹார்ட் கார்னர் என்பார்கள். டீம் தேவைப்படுவது இங்கேதான். வாசலில் நிற்பவருக்கு அந்த இரண்டு மூலைகளும் ஏறக்குறைய 180 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. வாலரன்ட் என்ற கேமில் ஸ்கிரீன் காட்டுவது கிடைமட்டமாக 103 டிகிரி. ஆக, தனியாக நுழைபவர் ஏதோ ஒரு மூலைக்கு முதுகைக் காட்டியே தீர வேண்டும். இரண்டு பேர் அடுத்தடுத்து நுழைந்து, முதலாமவர் ஒரு பக்கமும் அடுத்தவர் எதிர்ப் பக்கமும் திரும்பினால் பிரச்சினை தீர்ந்தது. முதலாமவர் எந்தப் பக்கம் போனாலும் சரி, இரண்டாமவர் அவர் பின்னாலேயே அதே பக்கம் போய்விடக் கூடாது. சுலபமான விதி, ஆனால் பதற்றத்தில் முதலில் மறந்துபோவது இதுதான்.

இருவருக்கும் இடையிலான நேரமும் முக்கியம். கண்ணில் பட்டதற்கு விரல் அசைய மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். உள்ளே இருப்பவர் முதலாமவரைச் சுட்டுவிட்டாலும், குறியைத் திருப்பி அடுத்தவர்மேல் வைக்க இன்னொரு முறை அந்த நேரம் வேண்டும். அந்த இடைவெளிக்குள் இரண்டாமவர் சுட்டால் அது ட்ரேட், அதாவது விழுந்தவருக்குப் பதிலுக்கு எதிராளியையும் வீழ்த்துவது. அவர் ஒரு விநாடி தாமதித்தாலே இருவரும் தனித்தனியாக மோதித் தனித்தனியாகத் தோற்பார்கள்.

ஃபிளாஷ், அதாவது கண்ணைக் கூசவைத்துப் பார்வையை மறைக்கும் குண்டு, எறிவதும் இதே நேரக் கணக்குதான். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற கேமில் எறிந்து சுமார் ஒன்றரை விநாடியில் அது வெடிக்கும். நேராக வாசலுக்குள் வீசினால், எதிராளி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்ப நேரம் தாராளமாக இருக்கும். சுவரில் மோதவிட்டு, உள்ளே தலைகாட்டிய உடனே வெடிக்கும்படி எறிந்தால் அவருக்குத் திரும்ப வழியில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நிதானத்துக்கு ஆதரவான வாதம். ஆன்லைனில் வந்ததும் கணக்கு கொஞ்சம் புரளும். நீங்கள் நகர்ந்த செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிராளியின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவரை அவர் ஸ்கிரீனில் நீங்கள் இன்னும் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஸ்கிரீனில் அவர் ஏற்கெனவே தெரிகிறார். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 ஏந்தி ஓடுபவரின் வேகம் விநாடிக்கு 215 யூனிட் (கேமின் நீள அளவு), உடல் அகலம் 32 யூனிட். மொத்தத் தாமதம் 100 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், எதிராளிக்குத் தெரிவதற்குள் அவர் 21 யூனிட்டுக்கு மேல் வெளியே வந்திருப்பார். உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு! சுட்ட நேரத்தில் சுட்டவரின் ஸ்கிரீனில் இருந்த நிலையைச் சர்வர் பின்னோக்கிக் கணக்கிட்டு ஏற்றுக்கொள்வதால், வேகமாக வெளியே வருபவருக்கே லாபம். வாலரன்ட்டின் சர்வர்கள் விநாடிக்கு 128 முறை நிலையைப் புதுப்பிப்பதற்கு இந்த லாபத்தைக் குறைப்பதும் ஒரு காரணம். முழுசாக ஒழிக்க முடியாது, தூரம் என்று ஒன்று இருக்கிறதே.

அதனால் நல்ல டீம்கள் இரண்டையும் கலக்கின்றன. ஆள் இருக்கும் இடம் தெரியாதவரை தள்ளி நின்று மெதுவாக ஸ்லைஸ் செய்வார்கள், தெரிந்ததும் ஃபிளாஷ் போட்டு ஒரே வேகத்தில் வெளியே வருவார்கள். ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற கேமில் ஆட்டம் தொடங்கும் முன் தாக்குபவர்களுக்குக் கேமரா பொருத்திய சிறு வண்டியான ட்ரோனை ஓட்ட 45 விநாடி தருகிறார்கள். பலர் அதைக் குண்டு இருக்கும் அறையைத் தேடுவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அறையைக் கண்டதும் ட்ரோனை ஹார்ட் கார்னர் தெரியும்படி ஒரு மேசைக்கடியில் ஒளித்து வைத்துவிட வேண்டும். அப்புறம் வாசலுக்கு வந்ததும் அதே கேமராவைப் பார்த்து, எந்த மூலைக்கு யார் என்று பிரித்துக்கொள்ளலாம்.