கல்சியம் காபனேற்று: எலும்பா, கல்லா?

கொழும்பு மருதானையில் ஒரு சில்லறைக் கடை. பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பார்த்த ஓர் உம்மா கேட்டார்: "நானா, இதுல 170 எண்டு போட்டிருக்கு. கல்சியமாம். எலும்புலதானே எடுக்கிற?" கடைக்கார நானாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. 170 என்பது உணவில் சேர்க்கும் கல்சியம் காபனேற்றின் குறியெண். விலங்கின் எலும்பிலிருந்து வந்ததென்றால் ஹலாலா என்பதுதான் அவர்களின் பயம். பெட்டி மறுபடி தட்டுக்கே போனது.

கல்சியம் என்றதும் எலும்பும் பல்லும் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடப் பழக்கம். சொல்லின் வேரில் எலும்பு இல்லை. லத்தீனில் 'கல்க்ஸ்' என்றால் சுண்ணாம்பு. 1808இல் ஹம்ப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்து, அதை வைத்தே கல்சியம் என்று பெயரிட்டார். (நம் 'கல்'லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். யாரும் ஆராய்ச்சிக்கு இறங்க வேண்டாம்.) காபன் என்பதற்கும் லத்தீன் மூலம்தான், பொருள் கரி. தமிழ்நாட்டார் கார்பனேட் என்பதை நம் பாடநூல்கள் காபனேற்று என்கின்றன. அந்த 'ஏற்று' எதையும் ஏற்றவில்லை, வெறும் ஒலிபெயர்ப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுண்ணம் என்றால் பொடி. வடமொழி 'சூர்ணம்' பாகதத்தில் (பிராகிருதத்தில்) 'சுண்ண' ஆகி நம்மிடம் வந்தது. மருந்துக்கடைச் சூரணமும் சிங்களத்து 'ஹுணு'வும் அதே குடும்பம். ஆனால் வெறுமனே சுண்ணாம்பு என்றால் வெற்றிலைச் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அது சுட்டு நீற்றியது, நாக்கைப் பொத்துவிடும். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தபடி விட்டால் விளிம்பில் வெள்ளையாக இறுகி, நகத்தால் சுரண்டினால் உதிரும் பொருக்கு இருக்கிறதே, அதுதான் கல்சியம் காபனேற்று. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மறுபடி கல்லாகப் போகிறது. ஆகவே 170க்கு 'சுண்ணாம்புக்கல் பொடி' என்பதே பொருத்தம் என்பேன்.

ஹலால் என்ற அரபுச் சொல்லின் வேருக்கு முடிச்சை அவிழ்ப்பது என்றும் பொருள் உண்டு. தமிழில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதுகிறார்கள், கந்தோர்க் கடிதம் போல இருக்கிறது. உலமாக்கள் சொல்லும் 'ஆகுமானது' எனக்குப் பிடிக்கும். 'கத்தரிக்காய் எனக்கு ஆகாது' என்கிறோமே, அந்த ஆகுதல்தான்.

தடை என்று வராத, தீங்கு செய்யாத பொருள் ஆகுமானது என்பது மார்க்கச் சட்டத்தின் பொது விதி. மண்ணிலிருந்து வெட்டிய சுண்ணாம்புக்கல்லுக்கு அறுப்பும் இல்லை, தடையும் இல்லை. சிப்பியிலிருந்து எடுத்தாலும் இங்கே பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) கடற்பொருள் பிரச்சினையில்லை. கோழி முட்டை ஓடும் அப்படியே.

சந்தேகப்பட வேண்டிய எண்கள் வேறு. எலும்பிலிருந்து எடுக்கும் பொஸ்பேற்றுக்கு எண் 542. 470இல் கல்சியத்தோடு சேர்வது கொழுப்பமிலம், அது தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பெயரின் முதற்பாதியில் கல்சியம் இருப்பதை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை அப்புறம் நானும் எடுத்துப் பார்த்தேன். 170க்கு இரண்டு சொல் தள்ளி 471 இருந்தது. அதுவும் கொழுப்பமிலத்தில் செய்வதுதான். உம்மா அதைக் கேட்கவில்லை.