மேனுவல் கார் பிடிக்கும் என்பவர்களுக்கு, கியர்பாக்ஸ் கழற்றுகிறவன் சொல்வது

எங்கள் ஒர்க்‌ஷாப் கோவையில், மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறது. அதனால் வார விடுமுறை முடிந்தால் ஊட்டி போய்விட்டு வந்த வண்டிகள் வரிசை கட்டும். கிளட்ச் தீய்ந்ததும் பிரேக் காந்தியதும்தான் அதிகம். அதில் ஒரு பங்கு, "எனக்கு மேனுவல்தான் சார் பிடிக்கும், ஆட்டோமேட்டிக் எல்லாம் பொம்மை வண்டி" என்கிற இளைஞர்களுடையது. அந்த ஆசையில் தப்பே இல்லை, எனக்கும் அதே கட்சிதான். ஆனால் மேனுவல் எதற்காகப் பிடிக்க வேண்டுமோ, அதை ஓட்டும்போது அவர்கள் பயன்படுத்துவதில்லை.

வேகத்துக்காக மேனுவல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றும் காரை ஃபெராரி 1989-லேயே ஃபார்முலா 1-ல் இறக்கி, முதல் பந்தயத்திலேயே ஜெயித்துவிட்டது. போர்ஷே நிறுவனம் 2013-ல் 911 ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டுவந்தது. ரசிகர்கள் விடவில்லை. 2016-ல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் என்று 991 கார்கள் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜிடி3-யிலேயே மேனுவல் திரும்பி வந்தது. அந்த மேனுவல் கார் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.9 விநாடி, ஆட்டோமேட்டிக்குக்கு 3.4. பின்தங்கும் என்று தெரிந்தேதான் வாங்கினார்கள்.

அப்புறம் எதற்கு? பழைய டீசல் ஸ்விஃப்ட் ஒன்றை மலையில் ஓட்டினால் புரியும். 1.3 லிட்டர் என்ஜின். என்ஜின் சுழற்சி 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இருந்தால், என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ தூங்கும், வண்டி திணறும். அதைத் தாண்டியதும் முதுகை சீட்டோடு அழுத்தும். கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்பே இரண்டாவது கியரைப் போட்டு டர்போவை விழிப்பாக வைத்திருப்பவருக்கும், வளைவுக்குள் போய்த் திணறிய பிறகு கியரைத் தேடுபவருக்கும் ஒரே வண்டி இரண்டு வண்டியாகத் தெரியும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு வண்டியின் வேகம் தெரியும், ஆக்சிலரேட்டரை நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பது தெரியும். முன்னால் வளைவில் ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது தெரியாது. அதைக் கண்ணால் பார்த்து, தேவைப்படும் கியரை முன்கூட்டியே போட்டு வைப்பதில்தான் மேனுவலின் ருசி இருக்கிறது. கம்பியை விறுவிறுவென்று ஆட்டுவதில் இல்லை.

இறக்கத்தில் இதுவே உயிர் சமாச்சாரம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய கணக்கு. ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாவது கியரில் போகச் சொல்லும் போர்டுகள் அழகுக்கு வைத்ததல்ல. குறைந்த கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக் அவ்வப்போது உதவினால் போதும். நான்காவதில் இறங்குகிறவர் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வருவார். பிரேக் டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். "இன்னும் லெவல் இருக்கே" என்று பலர் தள்ளிப் போடுகிறார்கள். லெவல் இருப்பது வேறு, தரம் இருப்பது வேறு.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய என்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காகக் கொஞ்சம் எரியும். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து இறங்குபவர்களைப் பற்றி என்ன சொல்ல! பவர் ஸ்டியரிங்கும் போகும், சில மிதியிலேயே, பிரேக் மிதிக்கு பலம் கூட்டும் பூஸ்டரும் தீரும்.

இனி இடது கால். கழற்றிய கிளட்ச் பிளேட்டைப் பார்த்தாலே ஓட்டியவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஒழுங்காக ஓட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும் பிளேட், முப்பதாயிரத்திலேயே காகிதமாய்த் தேய்ந்து வரும். பிளேட் உரசும் என்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃபிளைவீலில் நீல நிறத் திட்டுகள் இருக்கும், சூட்டில் வந்தவை. ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்ததன் அடையாளம் அது. இன்னொன்று, நேர் ரோட்டில் போகும்போதும் கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்திருப்பது. லேசாக வைத்தாலும், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அழுத்தத்தோடு ஓயாமல் சுற்றும், பிளேட் லேசாக வழுக்கும். பக்கத்தில் டெட் பெடல் என்று ஒரு மேடை கொடுத்திருப்பது எதற்கு? கியர் குமிழ் மேல் கையை வைத்தே ஓட்டுவதும் நல்லதல்ல. உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் அழுத்தம் தாங்கித் தாங்கித் தேயும்.

கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி என்ஜின் வேகத்தைச் சமன் செய்து, பிறகு கிளட்சை விடுவது ரசிகர்களின் வித்தை. பார்ப்பவருக்கு ஸ்டைலாகத் தெரியும். எனக்கு அது கிளட்ச் பிளேட்டுக்குச் செய்யும் உபகாரம். மழை ரோட்டில் கிளட்சைப் படக்கென்று விட்டால் சக்கரம் பிடி தவறும், அதுவும் இதில் தவிர்க்கப்படும். பிரேக் மிதித்தபடியே அதே காலால் ஆக்சிலரேட்டரைத் தட்டும் ஹீல் அண்ட் டோவை ஆளில்லாத இடத்தில் பழகுங்கள். மலையில் வேண்டாம், செருப்புக் காலோடு வேண்டவே வேண்டாம்.

சரி, மேனுவல் பிடிக்காதவர்களை மட்டம் தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தினமும் அவினாசி ரோடு நெரிசலில் ஊர்ந்து, முட்டி வலியோடு கிளட்ச் மிதிப்பவர் ஆட்டோமேட்டிக் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் 2014-ல் செலேரியோவோடு இங்கே பரவ ஆரம்பித்த ஏஎம்டி வண்டிகளில் உள்ளே இருப்பது அதே கிளட்ச் பிளேட்தான். காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற கருவி மிதிக்கிறது, அவ்வளவே. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தே வண்டியை நிறுத்தி வைத்தால் அதுவும் தீயும், பிரேக்கில் நிறுத்துங்கள். இறக்கத்திலும் 'டி'-யிலேயே விடாதீர்கள். மேனுவல் மோடுக்குத் தள்ளி மைனஸ் பக்கம் தட்டி இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த வசதி இல்லாத சில ஆட்டோமேட்டிக் வண்டிகளில் குறைந்த கியருக்கான 'எல்' இருக்கும். லீவர் எந்தப் பக்கம் தள்ளினால் எது விழுகிறது என்பதை வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே பார்த்து வைத்துவிட்டு மலை ஏறுங்கள்.