கப்பல் ஏறுமுன் பொரளைக்கு ஒரு பயணம்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள், ஓய்வுபெற்ற அம்மா அப்பாவைக் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போவது இப்போது ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் நடக்கிறது. பனாமாவின் கொய்பா தீவில் குரங்கும் பஞ்சவர்ணக்கிளியும் பார்த்துவிட்டு, கால்வாய் வழியாக மறுபக்கக் கடலுக்குப் போகிற சிறு கப்பல் பயணம் அதில் ஒன்று. புறப்படுமுன் வைத்தியரான என்னிடம் வருகிறவர்கள் பிரஷர் குளிசையைப் பற்றிக் கேட்பார்கள். நான் கேட்பது, நுளம்பால் பரவுகிற மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டாச்சா என்று.

“விசாவுக்குக் கேட்கவில்லையே டொக்டர்!”

சரி, திரும்பி வரும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்பார்களே. பனாமா அந்த நோய் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கால்வாய்ப் பகுதியோடு நின்றுகொள்பவருக்கு ஊசி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. இலங்கை பார்ப்பது நாட்டின் பெயரை. அதிலும் நியாயம் உண்டு: அந்த வைரஸைக் காவுவது நம் டெங்கு நுளம்பான ஈடிஸ்தான். நுளம்பு இங்கே தாராளம், வைரஸ்தான் இல்லை.

1881இல் பிரெஞ்சுக்காரர் அந்தக் கால்வாயை வெட்டத் தொடங்கியபோது இந்த நோயும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றன. ஆஸ்பத்திரிக் கட்டில்களில் எறும்பு ஏறாமலிருக்க, நாம் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோல, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். நுளம்புக் குடம்பி வளர்ந்தது அந்தக் கிண்ணங்களில்! பிறகு வந்த அமெரிக்கர்கள் நுளம்பை ஒழிப்பதில் இறங்கினார்கள். 1914இல் கால்வாய் திறந்தது.

ஊசி கொழும்பு, பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் போடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் ஊசி போட்டதற்கான சான்று அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதன்முறை போடுபவருக்கும், முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்புச்சக்திக் குறைவோ உள்ளவருக்கும் யோசித்தே போட வேண்டும். பொருந்தாதென்றால் வைத்தியர் விலக்குக் கடிதம் தரலாம். சாதாரணமாக இந்தப் பயணம் போகிறவர்களே 60 தாண்டியவர்கள்தான், அதனால் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

அப்புறம் வாந்தி. கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பையைத் தேடுகிறவர் சிறு கப்பலிலும் தேடுவார். வாந்திக் குளிசையைத் தலை சுற்றுமுன்னே போட வேண்டும். கண் அழுத்தமோ புரோஸ்டேட் வீக்கமோ இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். கால்வாய்க்குள் கவலையில்லை, அந்த வழியிலுள்ள காட்டூன் ஏரி அமைதியான நன்னீர்.

தீவுகளில் ரப்பர் படகிலிருந்து முழங்காலளவு தண்ணீரில் இறக்குவார்கள். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் சிப்பி வெட்டினால் தெரியாது. இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல்லாச் சிறு கப்பலிலும் வைத்தியர் இருப்பார் என்று எண்ண வேண்டாம். பதிவு செய்யும்போதே கேளுங்கள், அவசர இடமாற்றச் செலவையும் ஏற்கிற காப்புறுதி எடுங்கள்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், அது மாதங்கள் கழித்து வந்தாலும், “பனாமாவுக்குப் போனேன்” என்று முதலில் சொல்லுங்கள், அது மலேரியாவாகவும் இருக்கலாம். இங்கே உள்ளூர் மலேரியா 2012க்குப் பிறகு இல்லாததால், இளம் வைத்தியர்களில் பலர் ஒரு நோயாளியைக்கூடக் கண்டதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் டெங்குவுக்கு மட்டும் இரத்தம் எடுப்பார்கள்.