கேபிள் மேல் குற்றமில்லை

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள அண்டி ஆபீஸ்களில் (வெளியூர்க்காரர்களுக்கு, முந்திரி ஆலை) கணக்கறைக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஒன்று பழுப்பேறிய பழைய பெட்டி. விண்டோஸ் எக்ஸ்பி. உடைப்பவர், தோல் நீக்குபவர், தரம் பிரிப்பவர் என்று ஆள்வாரியாகக் கிலோ எழுதிக் கூலி கணக்குப் போடும் புரோகிராம் அதில்தான் ஓடுகிறது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பக்கத்திலேயே நாகர்கோவிலில் புதிதாக வாங்கி வந்த லேப்டாப், விண்டோஸ் 11. கூலிக் கோப்பைப் பழைய பெட்டியின் ஷேர் ஃபோல்டரிலிருந்து எடுத்து எக்செல்லில் திறந்து, பிஎஃப் கணக்கு, வங்கிப் பட்டியல் எல்லாம் தயார் செய்ய அதை வாங்கியிருப்பார்கள்.

ஃபோல்டரைத் திறக்கப் போனால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035 என முடியும் பிழை எண்ணோடு ஒரு செய்தி வரும். "பழைய லேப்டாப்புல நேத்து வர வந்துதுல்லா தம்பி?" என்பார் கணக்குப் பார்க்கும் அக்கா. உடனே கேபிளை மாற்றுவார்கள். அப்புறம் சுவிட்சை. அதுவும் சரிவரவில்லை என்றால் பழி இடி மின்னல் மேல் போகும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் குமரி மாவட்டத்தில் அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கேபிளைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்யலாம். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பழைய பெட்டியின் ஐபி எண்ணுக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் ஒயர், சுவிட்ச், கார்டு மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. பழைய 100 மெகாபிட் சுவிட்சில் புது ஜிகாபிட் கார்டைச் செருகினாலும் இரண்டும் தமக்குள் ஒத்துப்போகும் வேகத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும். வம்பு அதற்கு மேல் தளத்தில், கோப்பைக் கேட்கும் முறையில் இருக்கிறது.

ஒரு கம்ப்யூட்டரின் கோப்பை இன்னொன்றில் இருந்து திறக்க, படிக்க, எழுத, ஒருவர் எழுதும்போது மற்றவர் கைவைக்காமல் பூட்டிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. ஒரே கட்டிடத்துக்குள் தெரிந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள் என்ற நினைப்பில் பிறந்த சங்கதி அது. காலப்போக்கில் கட்டளைக்கு மேல் கட்டளை சேர்த்து நூறையும் தாண்டிவிட்டது. விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பி 2 வந்தபோது எல்லாவற்றையும் கலைத்து 19 கட்டளைகளாகச் சுருக்கினார்கள். விண்டோஸ் 8இல் எஸ்எம்பி 3 வந்தது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும்தான்.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக் கடைக்காரர் வருகிறவரின் முதல் வார்த்தையிலேயே தமிழா மலையாளமா என்று பிடித்துக்கொள்வதைப் போல, கம்ப்யூட்டர்களும் முதல் செய்தியிலேயே பொதுவான பதிப்பைத் தேடுகின்றன. பழைய பதிப்பின் ஒவ்வொரு செய்தியும் 255 என்ற எண்ணில் தொடங்கும். அடுத்து எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகள். புதிய பதிப்பில் அதே மூன்று எழுத்துகள்தான், ஆனால் முன்னால் 254. விண்டோஸ் 11 தானாக அனுப்புவது 254 வகையை மட்டுமே. அதைப் படிக்கத் தெரியாத எக்ஸ்பி இணைப்பை முறித்துவிடும். லேப்டாப்போ இதை "பாதை கிடைக்கவில்லை" என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. பாதை கிடைத்தது, ஆளும் இருந்தார், பேச்சுதான் ஒத்துவரவில்லை என்று சொல்லியிருந்தால் எத்தனையோ கேபிள்கள் பிழைத்திருக்கும்.

சரி, "நேத்து வர வந்துது" என்பது எப்படி? அக்கா சொன்னது பொய்யில்லை. 2017 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1ஐ மைக்ரோசாஃப்ட் வெளியேற்றத் தொடங்கியது. ஆனால் ஒரேயடியாக இல்லை. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தப்பட்ட கம்ப்யூட்டர்களில் அது அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் கூட்டி மொத்தம் 15 நாள் யாரும் அதைத் தொடவில்லை என்றால் தானே தன்னை நீக்கிக்கொள்ளும். தினமும் கூலிக் கோப்பைத் திறந்துகொண்டிருந்த பழைய லேப்டாப்பில் அது உயிரோடு இருந்தது. புது லேப்டாப்பில் பிறக்கும்போதே இல்லை.

இவ்வளவு அவசரமாக வெளியேற்றக் காரணம் உண்டு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) பரவியது. எஸ்எம்பி 1ஐ விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். 2014இலேயே கைவிடப்பட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

நம்மூர் சர்வீஸ் பையன்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1 என்ற கட்டத்தில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்வது. சில இடங்களில் ஃபோல்டர் திறந்தும்விடும். பையன் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எனக்கு இந்த வைத்தியம் பிடிக்காது. பழைய பெட்டியின் நோயைப் புது லேப்டாப்புக்கும் வாங்கிக் கொடுப்பதுதான் இது. அதோடு, 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு இந்த டிக் மட்டும் பல இடங்களில் பலிப்பதும் இல்லை. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

எக்ஸ்பியில் எளிய கோப்புப் பகிர்வு என்று ஓர் ஏற்பாடு உண்டு. சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் அதுதான் இயங்கும். நெட்வொர்க் வழியாக யார் வந்தாலும், முதலாளியோ கணக்கரோ, எல்லாரையும் "கெஸ்ட்" என்ற ஒரே பெயரில் உள்ளே விடுவது. பாஸ்வேர்டு கிடையாது. பழைய நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க்கில் நேராக மாட்டும் கோப்புச் சேமிப்பான்கள்), ரவுட்டரில் செருகிய பென்டிரைவ் எல்லாம் இதே கதைதான். 24எச்2இல் விண்டோஸ் 11 புரோ இரண்டு விஷயங்களில் கையை விரித்துவிட்டது. கெஸ்ட்டாக உள்ளே போக மாட்டேன் என்கிறது. கையொப்பம் இல்லாத செய்தியை வாங்க மாட்டேன் என்கிறது. ஹோம் பதிப்பில் கையொப்பக் கட்டாயம் இல்லை. அதனால்தான் ஒரே கடையில் வாங்கிய இரண்டு லேப்டாப்பில் ஒன்று திறக்கும், மற்றது திறக்காது.

இவை இரண்டும் தனித்தனி விதிகள் போலத் தோன்றும். உள்ளுக்குள் ஒரே முடிச்சு. பாஸ்வேர்டு உள்ள பயனர் ஒருவர் நுழையும்போது நடப்பதைப் பாருங்கள். கோப்பு வைத்திருக்கும் பெட்டி 8 பைட் நீளத்தில் ஒரு சீரற்ற எண்ணை உருவாக்கி அனுப்பும். லேப்டாப் அந்த எண்ணையும், பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கத்தையும் சேர்த்துப் பிசைந்து ஒரு விடையை அனுப்பும். மறுமுனையும் தன்னிடமுள்ள சுருக்கத்தை வைத்து அதே கணக்கைப் போடும். விடை ஒத்துப்போனால் கதவு திறக்கும். பாஸ்வேர்டு கேபிளில் போவதே இல்லை. இந்தக் கணக்கின் துணைவிளைவாக, இரண்டு முனைக்கும் மட்டும் தெரிந்த ஒரு சாவியும் கிடைத்துவிடுகிறது.

அந்தச் சாவியை வைத்துத்தான் கையொப்பம். எஸ்எம்பி 2இலும் அதற்குப் பின்னும் ஒவ்வொரு செய்தியின் தலைப்பகுதியிலும் 16 பைட் இடம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. செய்தி முழுவதையும் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு வரும் எண்ணை அங்கே எழுதுவார்கள். வழியில் எவனோ வைஃபைக்குள் நுழைந்து உட்கார்ந்து, டபிள்யூ 320 என்ற முந்திரித் தரத்துக்கான கிலோ எண்ணில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால்கூடக் கணக்கு ஒத்துவராது. செய்தி குப்பைக்குப் போகும். சாவி இல்லாதவனால் புதுக் கையொப்பமும் போட முடியாது.

இப்போது கெஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். பாஸ்வேர்டு இல்லை, ஆகவே சாவி இல்லை, ஆகவே கையொப்பம் போட வழியே இல்லை. கையொப்பம் கட்டாயம் என்று முடிவெடுத்த அன்றைக்கே கெஸ்ட் வெளியே போய்விட்டார். "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை" என்று செய்தி வரும்போது, முதலாளி ஏதோ தடை போட்டுவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஃபோல்டர் திறந்தாலும் நெட்வொர்க் ஜன்னலில் பழைய பெட்டியின் பெயர் வராது. எக்ஸ்பி காலத்தில் ஒரு ஒர்க்குரூப்பில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தமக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைத் தலைவராக்கும். அதுதான் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும். ஒவ்வொன்றும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று கூவும். மூன்று முறை கூவாவிட்டால்தான் பெயர் அழியும். அணைத்துவைத்த கம்ப்யூட்டரின் பெயர் அரைமணி நேரத்துக்கும் மேல் பட்டியலில் நின்றது இதனால்தான். அந்த ஏற்பாடு முழுக்க எஸ்எம்பி 1ஐ நம்பியது. அது போனபோது தேர்தலும் போனது. விண்டோஸ் 11 வேறொரு முறையில் தேடுகிறது, எக்ஸ்பி அதற்குப் பதில் சொல்லாது. பெயரை எதிர்பார்க்காமல் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி எண்ணை நேராகத் தட்டுங்கள். லேப்டாப் அந்த நெட்வொர்க்கைப் பொது இடம் என்று குறித்துவைத்திருந்தால் அதைத் தனியார் என்று மாற்றவும் மறக்க வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் 11இல் உள்ள ஃபோல்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டால், பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் எல்லாரும் நான்கு இலக்க பின்னைத் தட்டுவார்கள். அது ஏறவே ஏறாது. அந்த பின் எண் அந்த ஒரு லேப்டாப்போடு கட்டிவைக்கப்பட்டது, நெட்வொர்க்கில் செல்லாது. பகிர்வதற்கென்று தனியாக ஒரு லோக்கல் யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்கிவிட்டால் தீர்ந்தது. ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் செய்து லேப்டாப் ஃபோல்டரில் போடும் வசதிக்கும் இதே யூசரைக் கொடுக்கலாம், மெஷினுக்கு எஸ்எம்பி 2 தெரிந்திருந்தால்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். அந்தச் சூழலில் டாஸ் புரோகிராம்களை நேரடியாக ஓட்டும் பகுதி விண்டோஸில் இல்லை. கூலி புரோகிராமைப் புதிதாக எழுத ஆள் கிடைக்கும் வரை எக்ஸ்பி இருந்தாக வேண்டும்.

அப்படியானால் நடுவே ஒரு பெட்டி வைப்பதே என் தேர்வு. மூலையில் கிடக்கும் ஏதாவது பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, சாம்பா என்ற இலவச மென்பொருளை நிறுவலாம். எஸ்எம்பியை விண்டோஸ் இல்லாமலேயே பேச வைக்க ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை அது. ஒரே ஃபோல்டரை எக்ஸ்பிக்குப் பழைய பதிப்பிலும், லேப்டாப்புக்கு எஸ்எம்பி 3இல் கையொப்பத்தோடும் அதனால் கொடுக்க முடியும். 2019 முதல் சாம்பாவும் பழைய பதிப்பை மூடியே வைத்திருக்கிறது, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் திறக்க வேண்டும். எக்ஸ்பி பக்கத்தில் செக்யூரிட்டி பாலிசிக்குள் போய், என்டிஎல்எம் (மேலே சொன்ன பாஸ்வேர்டு கணக்குமுறை) இரண்டாம் பதிப்பில் மட்டும் பதில் அனுப்பு என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சரியான பாஸ்வேர்டுக்கே தப்பு என்று பதில் வரும், ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

கூலிக் கோப்பை அங்கிருந்து எக்செல்லில் நேராகத் திறக்க வேண்டாம், ஒரு நகல் எடுத்துத் திறக்கட்டும். புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கைவைத்தால் இண்டெக்ஸ் (பதிவுகளைத் தேட உதவும் அட்டவணை) கெட்டுப்போகும். சனிக்கிழமை கூலி நாளில் அது வேண்டாத வேலை. கடைசியாக, எக்ஸ்பியின் ஐபி அமைப்பில் கேட்வே என்ற கட்டத்தையும் டிஎன்எஸ் கட்டத்தையும் காலியாக விட்டுவிடுங்கள். ஆபீசுக்குள் கோப்பு போகும் வரும், இன்டர்நெட் மட்டும் அதற்குக் கிடைக்காது.