அக்டோபர் சர்ப்ரைஸ்: சொல்லும் பொருளும் தமிழும்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் செய்திகளில் தலைகாட்டும் சொல் 'அக்டோபர் சர்ப்ரைஸ்'. வாக்குப்பதிவுக்கு முந்தைய சில வாரங்களில் திடீரென வெடித்து, முடிவையே மாற்றிவிடக்கூடிய நிகழ்வு என்பது இன்றைய பொதுப் பொருள். சொல் அரசியலில் புழக்கத்துக்கு வந்தபோது பொருள் இதைவிடக் கூர்மையாக இருந்தது. ஆட்சியில் இருப்பவர் வெளியுறவு விவகாரம் ஒன்றைக் கையில் வைத்திருந்து, வாக்காளர் மனம் மாறும் நேரம் பார்த்து அவிழ்த்துவிடுவதைத்தான் அது குறித்தது. அது போர்நிறுத்தமாக இருக்கலாம், கைதிகள் விடுதலையாக இருக்கலாம், ஓர் ஒப்பந்தமாக இருக்கலாம்.

ஏன் அக்டோபர்? 1845இல் இயற்றிய சட்டப்படி, நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அமெரிக்காவில் தேர்தல் நாள். அதனால் பிரசாரம் சூடுபிடித்து, எதிர்க்கட்சி பதில் சொல்ல அவகாசம் குறைந்துபோகும் மாதம் அக்டோபர்.

பெயர் வருவதற்கு முன்பே வழக்கம் வந்துவிட்டது. 1968 அக்டோபர் 31 அன்று அதிபர் ஜான்சன், வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாள் இருந்தது. அவருடைய கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரிக்கு அது கைகொடுத்திருக்கும். ஆனால் நவம்பர் 2 அன்று தென் வியட்நாம் அதிபர் தியூ, பாரிஸில் நடக்கவிருந்த சமாதானப் பேச்சுவார்த்தைக்கு வரமாட்டோம் என்று கைவிரித்தார். எதிர்த்துப் போட்டியிட்ட குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் தரப்பிலிருந்து, பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டாம் என்று அன்னா செனால்ட் என்பவர் வழியாகத் தென் வியட்நாமுக்குத் தூது போய்க்கொண்டிருந்தது ஜான்சனுக்கு ஒட்டுக்கேட்பின் மூலம் தெரிந்திருந்தது. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டர்க்சனிடம் தொலைபேசியில் பேசும்போது, 'இது தேசத் துரோகம்' என்றே அவர் சொன்னார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. ஆனாலும் அவர் அதை வெளியே சொல்லவில்லை. நிக்சன் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை போட வேறு வழி உண்டா என்று நிக்சன் கேட்டதை அவருடைய உதவியாளர் ஹால்டமன் கைப்பட எழுதிவைத்த குறிப்பு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளிவந்தது.

அடுத்த தேர்தலில் நிக்சனே ஆட்சியில் இருந்தார். 1972 அக்டோபர் 26 அன்று செய்தியாளர்கள் முன் வந்த அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர், வியட்நாம் போரைப் பற்றி, 'சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது' என்றார். பன்னிரண்டு நாளில் தேர்தல் வந்தது. நிக்சன் 49 மாநிலங்களை அள்ளினார். சமாதானம் மட்டும் வரவில்லை. டிசம்பரில் வட வியட்நாம் தலைநகர் ஹனோய் மீது பெருங்குண்டுவீச்சு நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27 அன்றுதான். நடுவில் செத்தவர்களை நினைக்கும்போது, இதை வெறும் தேர்தல் தந்திரம் என்று லேசாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

சொல்லை ஊரறியச் செய்தது 1980 தேர்தல். 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. கடைசிவரை சிறைப்பட்டிருந்தவர்கள் 52 பேர். அடுத்த ஆண்டுத் தேர்தலும் அதே நவம்பர் 4 அன்று வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ரீகனின் பிரசார மேலாளர் வில்லியம் கேசி, கடைசி நேரத்தில் அதிபர் கார்ட்டர் பணயக்கைதிகளை விடுவித்து 'அக்டோபர் சர்ப்ரைஸ்' காட்டப்போகிறார் என்று செய்தியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவந்தார்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. 1980 ஏப்ரல் 1 அன்று, விஸ்கான்சின் மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. அன்று காலை ஏழு மணியளவில் கார்ட்டர் செய்தியாளர்களைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து, பணயக்கைதிகள் விஷயத்தில் நல்ல முன்னேற்றம் என்று அறிவித்தார். அன்று தன் கட்சிக்குள் போட்டியிட்ட எட்வர்ட் கென்னடியை வென்றார். அப்புறம் அந்த முன்னேற்றம் ஒன்றுமில்லாமல் போனது.

கேசி செய்ததை இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். நிகழ்வு நடப்பதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். இனி கைதிகள் உண்மையாகவே விடுதலையானாலும், 'பார், சொன்னோமே' என்று சொல்லிவிடலாம். ஈரான் நாடாளுமன்றம் தன் நிபந்தனைகளை நவம்பர் 2 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது அறிவித்தது. சிகாகோவில் பிரசாரத்தில் இருந்த கார்ட்டர் உடனே வாஷிங்டன் திரும்பினார். இந்த விஷயத்தில் தன் முடிவுகளைத் தேர்தல் நாள்காட்டி தீர்மானிக்காது என்று தொலைக்காட்சியில் அவரே உறுதிகூற வேண்டியிருந்தது. தோற்ற பிறகும் பேச்சுவார்த்தையை விடவில்லை. அல்ஜீரியா வழியாக நடந்த அந்தப் பேச்சு 1981 ஜனவரி 19 அன்று உடன்பாடாகியது. 444 நாட்களுக்குப் பிறகு கைதிகள் விடுதலையானது மறுநாள், ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில்!

ரீகன் தரப்பு ஈரானுடன் ரகசியமாகப் பேசி விடுதலையைத் தள்ளிப்போட்டது என்ற குற்றச்சாட்டு அதன் பிறகு எழுந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அமைத்த விசாரணைக் குழு, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று 1993இல் அறிக்கை தந்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. இதனால் சொல்லின் பொருள் தலைகீழாகவும் திரும்பியது. ஆட்சியில் இருப்பவர் செய்யும் வித்தையைக் குறித்த அதே பெயர், அதை நடக்கவிடாமல் செய்யும் சதிக்கும் ஆகிவந்தது. பிறகு இன்னும் அகன்று, 2016 அக்டோபர் 28 அன்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இயக்குநர் கோமி, வேட்பாளர் ஹிலரி கிளின்டனின் மின்னஞ்சல்கள் பற்றி நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதம் போன்ற உள்நாட்டு விவகாரங்களையும் சேர்த்துக்கொண்டது.

தேர்தல் ஆண்டில் செய்யாமல் விடும் காரியங்களுக்கு இந்தச் சொல்லில் இடமில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 2012 மார்ச்சில் சியோலில், ஒலிவாங்கி திறந்திருப்பதை அறியாமல் ஒபாமா, ரஷ்ய அதிபர் மெட்வடேவிடம், 'இது என் கடைசித் தேர்தல். முடிந்த பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் வளைந்துகொடுக்க முடியும்' என்றார். ஏவுகணைத் தடுப்பு பற்றிய பேச்சு அது. 'விளாதிமிரிடம் சொல்கிறேன்' என்று புதினைக் குறிப்பிட்டு மெட்வடேவ் பதில் சொன்னார். எதிர்த்தரப்பும் இதே நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 1960இல் சுட்டு வீழ்த்திய அமெரிக்க உளவு விமானத்தின் வீரர்கள் இருவரைச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தேர்தலுக்கு முன் விடவில்லை. அந்தத் தேர்தலில் நிக்சனை வென்ற ஜான் கென்னடி பதவியேற்ற பிறகே விட்டார். நிக்சனுக்கு உதவக் கூடாது என்பதே காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். இப்படித் தேர்தல் முடியட்டும் என்று நிறுத்திவைப்பதைத் தமிழில் 'தேர்தல்வரை கிடப்பில் போடுவது' என்றால் யாருக்கும் புரியும்.

சரி, 'அக்டோபர் சர்ப்ரைஸ்' என்பதற்குத் தமிழ் என்ன? 'அக்டோபர் ஆச்சரியம்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. பேச்சுத் தமிழில் சர்ப்ரைஸ் என்றாலே பரிசுப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். ஆச்சரியமும் வியப்பும் அந்தப் பக்கமே சாய்கின்றன. 'அதிர்ச்சி' என்றால் பாதிக்கப்பட்டவரின் உணர்வு மட்டும் தெரிகிறது, செய்தவர் மறைந்துபோகிறார். சர்ப்ரைஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மேலே பாய்ந்து பிடிப்பது என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்திலும் எதிரி எதிர்பாராத நேரத்தில் தாக்கிப் பிடிப்பதையே அது முதலில் குறித்தது. இதற்குத் தமிழில் 'அதிரடி' கையருகே இருக்கிறது. அதிரடிப்படை என்று சொல்லும்போது வரும் திடீர்த்தன்மை, திட்டம், செய்பவர் மூன்றும் அதில் இருக்கின்றன.

அதனால் 'தேர்தல்நேர அதிரடி' என்பது என் தேர்வு. மாதத்தின் பெயரை விட்டுவிட்டால் பிற நாடுகளுக்கும் பொருந்தும். 1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் அணுஉலையை இஸ்ரேல் குண்டுவீசித் தகர்த்தது. இஸ்ரேலில் தேர்தல் ஜூன் 30. தேர்தலுக்காகச் செய்தார் என்று பிரதமர் பெகின் மீது அன்றே குற்றம்சாட்டினார்கள், அவர் மறுத்தார். இதை அக்டோபர் சர்ப்ரைஸ் என்று எழுதினால் வாசகர் குழம்புவார்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிரடி என்று எழுதும்போது நோக்கத்தையும் சேர்த்துக் குற்றம்சாட்டுகிறோம். நேரம் பார்த்துச் செய்ததற்கு ஆதாரம் இருந்தால் தாராளமாக எழுதலாம். இல்லையென்றால் 'தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு அறிவித்தார்' என்று தேதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.